ஒரு டப்பா பொடியும் இருநூறு ரோகுவும்

தாராவி,
பம்பாய் – 17.
22.3.1987

மரியாதைக்குரிய ஆறுமுகநயினார் மாமா அவர்களுக்கு,

மருமகன் காசிராஜன் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. நான் சௌக்கியம். நீங்களும் அத்தையும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். இல்லையென்றால் இதற்குள் தந்தி வந்திருக்கும். என் பல் ஈறில் ரத்தம் வருவது நின்றதா என்று போன கடிதத்தில் கேட்டிருந்தீர்கள். நின்றுவிட்டது. ஒரு மாதமாக இல்லை. பம்பாய்த் தண்ணீர் உடம்புக்குப் பழகிவிட்டது, வேறொன்றுமில்லை. ஊருக்கு வந்து உங்கள் மருந்துக் கடைக் கல்லாவில் உட்காரச் சொல்லி நீங்கள் எழுதிய ஏழு கடிதங்களும் கிடைத்தன. ஏழுக்கும் சேர்த்து ஒரே பதில் இதில் இருக்கிறது.

இது நன்றி சொல்லும் கடிதம். எனக்கு நன்றி சொல்லிப் பழக்கமில்லை. மீன்வளம் படிக்க இடம் வாங்குவதற்காக நீங்கள் தூத்துக்குடிக்கு மூன்று தடவை பஸ் ஏறி இறங்கினீர்களே, அதற்கே நான் இன்னும் சொல்லவில்லை. இப்போதும் நானாக எழுதவில்லை. பேராச்சி மதினி எதிரே உட்கார்ந்துகொண்டு, "லெட்டர எழுதி முடிச்சாத்தான் இன்னைக்கு தட்டு வைப்பேன்" என்கிறார். மதினியை உங்களுக்குத் தெரியும். என் பெரியப்பா மகனுக்கு வாக்கப்பட்டுத் தாராவிக்கு வந்தவர். மில் ஸ்டிரைக்கில் வேலை போய் அண்ணன் துபாய்க்குப் போனபிறகு, தன்னையும் சேர்த்து ஏழு பெண்களாக முறுக்குப் போட்டுக் கடைகளுக்கு அனுப்புகிறார். எனக்கு இரண்டு வேளைச் சாப்பாடு அங்கேதான்.

'மீனுக்கு என்னப்பா கவலை, அதற்குப் போய் மருந்து எதற்கு?' என்றும் கேட்டிருந்தீர்கள். எல்லோரும் இதையே கேட்கிறார்கள். நான் மீன் வளர்க்கும் குளத்தின் காவல்காரர் பூதத்தான் அண்ணாச்சி முதல் நாளே, "மீனுக்கு என்னவே கவல? வாடக குடுக்கா? சயான் டேசன்ல டிரெயினுக்கு தொங்குதா?" என்றார். அவரிடம் சொன்னதையே உங்களிடமும் சொல்கிறேன். வலை விழுந்ததும் மீன் பயந்து துடிக்கும். மூச்சு தாறுமாறாக வாங்கும். அப்போது உடம்புக்குள் உண்டாகிற கழிவு, இரும்பைத் துரு தின்கிற மாதிரி, அதன் சதையையும் ரத்தத்தையுமே தின்னும். ஆன்டி-ஆக்சிடன்ட் என்பது நடுவில் போய் நின்று அந்தத் துருவைத் தன்மேல் வாங்கிக்கொள்கிற சரக்கு. வைட்டமின் சி அந்த ஜாதி. ரோகு மீனால் அதைத் தன் உடம்பில் தானே தயாரிக்க முடியாது, மனிதனால் முடியாத மாதிரியே. தீனியில் கலந்து முன்கூட்டியே கொடுத்து வைத்தால், அள்ளும்போது தாங்கும் என்று ஆராய்ச்சிப் பத்திரிகைகளில் எழுதியிருக்கிறார்கள். இவ்வளவையும் கேட்டுவிட்டு அண்ணாச்சி பீடியைப் பற்றவைத்துக்கொண்டு, "அப்ப எனக்கும் கொஞ்சம் குடும்வே" என்றார். அவரோடு பேசிப் பயனில்லை.

கரீம் பாட்சா பாய் கதையும் உங்களுக்கு முழுசாகத் தெரியாது. கடையநல்லூர்க்காரர், தாராவியில் தோல் கோடவுன் வைத்திருக்கிறார். செம்பூர்ப் பக்கம் குவார்ட்டர்ஸ்களில் இருக்கும் வங்காளிகள் கண்ணெதிரே துள்ளாத ரோகுவைக் கையால் தொடமாட்டார்கள் என்று யாரோ சொல்லக் கேட்டு, வாஷிக்கு அப்பால் ஒரு குளத்தைக் குத்தகைக்கு எடுத்து, படித்த ஆள் வேண்டுமென்று என்னை வைத்துக்கொண்டார். நான் தினமும் மான்கூர்ட் வரை ரயில், அங்கிருந்து பஸ், பாலம் தாண்டி இறங்கி ஒரு மைல் நடை. மீன் நன்றாகத்தான் வளர்ந்தது. வளர்ந்ததைச் செம்பூருக்குக் கொண்டுபோவதில்தான் வினை. நவம்பரில் டெம்போவில் டிரம் ஏற்றிப் போனோம். மூடியைத் திறந்தால் பாதிக்கு மேல் மல்லாந்து கிடந்தது. ஜனவரியில் போனோம், முக்கால்வாசி. வங்காளி அம்மாள் ஒருத்தி மூக்கைப் பொத்திக்கொண்டு கதவைச் சாத்தினாள். பாய் என்னைக் கோடவுனுக்குக் கூப்பிட்டு, "தம்பி, நான் மீனு வளக்க குத்தக எடுத்தேனா, மய்யத்து தூக்க குத்தக எடுத்தேனா?" என்று கேட்டார். கேள்வி நியாயமானது. வைட்டமின் சி பொடியைப் பற்றிச் சொன்னேன்.

அதன் பிறகுதான் பொடி கேட்டு உங்களுக்கு எழுதினேன். நீங்கள் கால் கிலோ டப்பா ஒன்றை, காற்றுப் போகாமல் மெழுகு வைத்து அடைத்து, பழைய வேட்டியில் சுற்றி, பம்பாய்க்கு வருகிறவர் கையில் கொடுத்தனுப்பினீர்கள். மாமா, இதை எழுதத்தான் நான் இந்தக் காகிதத்தை எடுத்தேன். மீன் பிழைத்தால் நான் பம்பாயிலேயே தங்கிவிடுவேன், செத்தால் உங்கள் கல்லாவுக்கு வந்துவிடுவேன் என்று உங்களுக்குத் தெரியும். தெரிந்தே அனுப்பினீர்கள், அதுவும் நல்ல சரக்காக. வேறு யாராவது என்றால் டப்பாவில் கோலமாவை அடைத்து அனுப்பியிருப்பார்கள். நானாக இருந்தால் அப்படித்தான் செய்திருப்பேன்.

டப்பா வந்ததும் பாயிடம் பரிசோதனையை விளக்கினேன். குளத்துக்குள் இரண்டு வலைக் கூண்டு. கூண்டுக்கு நூறு ரோகு. ஒரே குளம், ஒரே தண்ணீர், ஒரே தீனி, நாற்பது நாள். முதல் கூண்டுக்கு மட்டும் தீனியில் பொடி உண்டு, இரண்டாவதற்குக் கிடையாது. பாய்க்கு மனசு ஒப்பவில்லை. "பொடிதான் கால் கிலோ கெடக்கே, எல்லாத்துக்கும் போட்டுருவோமே தம்பி" என்றார். எல்லாவற்றுக்கும் போட்டால், பொடியால் பிழைத்ததா, வாஷி பாலத்தில் காற்று நன்றாக அடித்ததால் பிழைத்ததா என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன். தாடியைத் தடவினார். "சரி. பொடி தின்னதுக்கும் தின்னாததுக்கும் வித்தியாசம் என் கண்ணுக்கு தெரியணும். தெரிஞ்சா இன்னும் ரெண்டு கொளம் எடுப்போம். தெரியலன்னா தந்தா பந்த், மீன் யாவாரத்த மூடிருவோம். நீ ஒன் மாமா கடைக்கு போயிரு, நான் என் தோலப் பாக்கேன்." அறிவியல் முறைப்படி இது நேர்மையான ஒப்பந்தம். கைகொடுத்துவிட்டு வந்தேன்.

தீனி செய்வதற்கு இங்கே மெஷின் கிடையாது. மதினி வீட்டில் முறுக்கு உரல் ஐந்து இருக்கிறது. கடலைப் புண்ணாக்கும் தவிடும் கிழங்கு மாவும் பிசைந்து, உரலில் போட்டுப் பிழிந்து, நிழலில் காயவைத்து ஒடித்தால் மீனின் வாய்க்குச் சரியான அளவில் துண்டு வரும். கடைசியில்தான், கிலோவுக்கு ஐந்து கிராம் என்று பொடியை எண்ணெயில் குழைத்து மேலே பூச வேண்டும். தண்ணீரில் கரைந்து போவதையும் கணக்கில் வைத்து அந்த அளவு. சூடு பட்டால் வைட்டமின் செத்துவிடும். இதை நான் மதினியிடம் மூன்று தடவை தெளிவாகச் சொன்னேன். மறுநாள் வந்து பார்த்தால் மொத்தத்தையும் பொன்னிறமாகப் பொரித்து எடுத்து வடிதட்டில் போட்டு வைத்திருக்கிறார்.

"மதினி, எண்ணெய்ச் சட்டியில போடக்கூடாதுன்னு சொன்னேனே?"

"எண்ணெயில போடாத முறுக்க எவளாவது வீட்ட விட்டு வெளிய அனுப்புவாளா? லேபர் கேம்ப் வரைக்கும் என் பேரு இருக்குய்யா."

"இது மீனுக்கு!"

"மீனு மட்டும் என்ன, பச்ச மாவ திங்கணும்னு தலையெழுத்தா?"

நல்லவேளை, அதில் பொடி சேர்த்திருக்கவில்லை. மறுபடி பிழிந்தோம். இரண்டாம் தடவை பிழிந்ததைத் தகரக் கூரைக்கு அடியில் கோரைப்பாயில் பரப்பி வைத்திருந்தோம். மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் கடை வைத்திருக்கும் ஒருவர் சரக்கெடுக்க வந்தவர், யாரையும் கேட்காமல் ஒரு பிடி அள்ளி வாயில் போட்டு மென்றுவிட்டு, "உப்பு பத்தல, மத்தபடி புது அயிட்டம் நல்லாத்தான் இருக்கு, ரெண்டு கிலோ போடுங்க" என்றார். அது மீன் தீனி என்று நான் உடனே சொன்னேன். சொல்லியிருக்க வேண்டாம் என்று மதினி இன்றுவரை சொல்கிறார். அவர் அதற்குப் பிறகு நல்ல முறுக்கையும் மோந்து பார்த்துத்தான் வாங்குகிறாராம்.

மதினி பொடி பூசித் தருகிற தீனி சிவப்பு மூடி டின்னில். பூசாதது பச்சை மூடி டின்னில். பூதத்தான் அண்ணாச்சி சிவப்பை முதல் கூண்டிலும் பச்சையை இரண்டாவது கூண்டிலும் போடுவார். இதையெல்லாம் மதினிக்குப் படம் போட்டு விளக்கினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப அந்த நூறுக்கு ஒண்ணுமே கெடையாதா?" என்றார். கிடையாது என்றேன். கொஞ்ச நேரம் உரலைத் துடைத்தார். பிறகு "சரி" என்றார். மதினி சரி என்றால் என்ன அர்த்தம் என்று புரிந்துகொள்ள எனக்கு இன்னும் பத்து வருஷம் ஆகும்.

நாற்பது நாளும் ஒரு குறையுமில்லாமல் ஓடின. எனக்கே ஆச்சரியம்: முன்பெல்லாம் ரயிலில் காலை மிதித்தவனோடு மான்கூர்ட் வரும்வரை சண்டை போடுவேன், இந்த ஒரு மாதமாக யாரோடும் தகராறு இல்லை. பூதத்தான் அண்ணாச்சி கூட, "என்னவே ரெண்டு வாரமா என்ன ஏசவே இல்ல, ஒடம்பு சரியில்லயா?" என்று நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். மதினி மோரை இப்போது நன்றாகப் புளிக்க வைக்கிறார். வெயிலுக்கு அதுதான் ஒத்துக்கொள்கிறது என்று நினைக்கிறேன்.

போன திங்கட்கிழமை காலை இரண்டு கூண்டையும் அள்ளினோம். சிவப்புப் பெயிண்ட் அடித்த டிரம்களில் முதல் கூண்டு, பச்சை டிரம்களில் இரண்டாவது கூண்டு. பாய் முன்சீட்டில், நான் பின்னால் டிரம்களோடு. வாஷி பாலத்தில் ஒரு லாரி குறுக்கே நின்று ஒன்றரை மணி நேரம் அசையவில்லை. வெயில் என்றால் அப்படியொரு வெயில். பச்சை டிரம் பக்கம் காது வைத்தேன். துள்ளுகிற சத்தம் கேட்டது. மாமா, துள்ளாமல் கிடந்திருக்க வேண்டிய டிரம் அது. செம்பூரில் மூடிகளைத் திறந்தோம். சிவப்பு: நூற்றுக்குத் தொண்ணூற்றேழு உயிரோடு. பச்சை: நூற்றுக்குத் தொண்ணூற்றாறு. வங்காளிகள் சட்டையெல்லாம் நனைய நனைய, கூச்சல் போட்டுக்கொண்டு வாங்கினார்கள். போன தடவை கதவைச் சாத்திய அம்மாள் இரண்டு எடுத்துக்கொண்டு என் தலையில் கைவைத்து என்னவோ சொன்னாள். அரைமணி நேரத்தில் டிரம் காலி. உலகத்திலேயே மீன் பிழைத்ததற்காக முகம் வாடிய ஒரே மீன்வளப் பட்டதாரி நானாகத்தான் இருப்பேன்.

பாய் கேட்கும்வரை நான் காத்திருக்கவில்லை. நானே சொன்னேன்: "பாய், வித்தியாசம் இல்ல. ஒரு மீன் கூடக்கொறைய வர்றதெல்லாம் கணக்கே இல்ல. பொடியால பயன் இல்லன்னு ஆயிடுச்சு." அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நல்லா போற நேரத்துல ஏண்டா இத சொல்லுற?" என்றார். ஒப்பந்தம் ஒப்பந்தம்தானே என்றேன். "பேச்சுன்னா பேச்சுதான்" என்றார் அவரும், கொஞ்சம் வருத்தமாகவே. "ஏன் பொழச்சதுன்னே தெரியாத தந்தாவ எத நம்பி நடத்த?" அதுவும் நியாயம்தான். நேரே மதினி வீட்டுக்குப் பக்கத்திலுள்ள என் அறைக்கு வந்து டிரங்குப் பெட்டியை எடுத்துத் துணிகளை அடுக்க ஆரம்பித்தேன். உங்கள் ஏழு கடிதங்களையும் மேலே வைத்தேன்.

மதினி கையில் மாவோடு வந்து நின்றார். "என்னய்யா, மீனெல்லாம் செத்துட்டா?"

"இல்ல மதினி. எல்லாம் பொழச்சிட்டு."

"பெறகு எதுக்கு பொட்டி?"

"ரெண்டு கூண்டும் பொழச்சிட்டு. ரெண்டாவது கூண்டு கொஞ்சமாவது செத்துருக்கணும். அப்பதான் பொடிக்கு மதிப்பு, எனக்கு வேல."

"அட கொலகாரப் பாவி" என்று சொல்லிவிட்டுப் பெட்டியின்மேல் உட்கார்ந்துவிட்டார். எழுந்திருக்கச் சொன்னேன். எழுந்திருக்கவில்லை. முந்தானையை எடுத்து ஒரு விரலில் சுற்றினார், அவிழ்த்தார், சுற்றினார்.

"ரெண்டுலயும் போட்டேன்யா."

"எத?"

"பொடியத்தான். செவப்பு டின்னுலயும் போட்டேன், பச்ச டின்னுலயும் போட்டேன். சரிபாதி. ஒரே கொளத்துல பக்கத்து பக்கத்துல ஒக்கார வச்சிட்டு, இந்த வரிசைக்கு பாயாசம் உண்டு, அந்த வரிசைக்கு கெடையாதுன்னு சொன்னா அது பந்தி வஞ்சனல்லா? எங்க கையால அத செய்யணும்னா எப்பிடிய்யா வரும்?"

"மதினி, அது மீனு. பக்கத்து கூண்டுல என்ன திங்குறாங்கன்னு அதுக்கு தெரியாது."

"எனக்கு தெரியும்லா?"

நாற்பது நாள் பரிசோதனை, மாமா. படம் போட்டு விளக்கியது. சிவப்பு மூடி, பச்சை மூடி. கல்லூரியில் ஒரு பேராசிரியர் இப்படிச் செய்திருந்தால் அவர் முகத்துக்கு நேரே கேட்டிருப்பேன். மதினியை என்ன கேட்பது? நான் வாயைத் திறப்பதற்குள் பச்சை மூடி டின்னை இடுப்பில் வைத்துக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டார். நான் பின்னாலேயே ஓடினேன். தோல் கோடவுனுக்குள் பெண்கள் யாரும் போவதில்லை, மதினி போனார். பாய் எழுந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டார். மதினி உட்காரவில்லை. டின்னை மேஜைமேல் வைத்து, நடந்ததையும் நான் பெட்டி கட்டியதையும் சொல்லி, "தப்பு என் மேல. வேலய எடுக்கணும்னா முறுக்கு வேலய எடுங்க, அவுரு வேலய எடுக்காதீங்க" என்றார்.

பாய் டின்னைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அப்ப பொடி திங்காத மீனே கெடையாதா?"

"கெடையாது பாய். ஆனா இதனால பொடிதான் காப்பாத்துச்சுன்னும் ஆகாது. போன தடவ டிரைவர் வேற, டிரம் வேற..." இந்த இடத்தில் மதினி என் காலை மிதித்தார். நன்றாகவே மிதித்தார்.

பாய் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை; முன்பல் இரண்டு தங்கம் என்பதே அன்றுதான் தெரியும். "தம்பி, எங்க கல்யாணத்துல ஒரு பெரிய சகன் தட்டச் சுத்தி நாலு பேரு ஒக்காந்து ஒண்ணா திம்பாங்க. ரெண்டு பேரு பக்கம் கறி, ரெண்டு பேரு பக்கம் வெறுஞ்சோறுன்னு வச்சிப் பாரு, மாப்பிள்ளையே எந்திரிச்சி போயிருவான். நான்தான் அன்னைக்கே சொன்னேனே, எல்லாத்துக்கும் போடுவோம்னு. இந்தம்மாவுக்கு இருக்குற புத்தி ஒனக்கு இல்லையே! போன ரெண்டு தடவ மல்லாந்தது எத்தன, இந்தத் தடவ துள்ளுனது எத்தன? என் கண்ணுக்கு இந்த வித்தியாசம் போதும். கொளமும் இருக்கட்டும், நீயும் இரு. கட்டுன பெட்டிய பிரிச்சிரு."

அறிவியல்படி இந்த முடிவு செல்லாது. ஒப்பிட்டுப் பார்க்க எதையும் விட்டுவைக்காமல் முடிவெடுப்பது ஜோசியம். இதைப் பாயிடம் சொல்ல வாயெடுத்தேன், கால் வலித்தது, நிறுத்திக்கொண்டேன். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு தப்பான முடிவை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். மறுநாள், இரண்டு கூண்டுக்கும் கிலோவுக்கு இரண்டரை கிராம் வீதம் பொடி கொடுக்கப்பட்டது என்று முறையாக அறிக்கை எழுதிப் பாயிடம் கொடுத்தேன். வாசித்துவிட்டு அத்தர் பாட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

ஆகவே, மாமா, உங்கள் டப்பாவுக்கு நன்றி. உங்கள் பழைய வேட்டிக்கும் நன்றி. அதைத்தான் இப்போது டிரம்மின் மேல் நனைத்துப் போடுகிறோம். அதோடு, நான் உங்களிடம் வராமல் இருப்பதற்கு நீங்களே வழி செய்து கொடுத்தீர்களே, அதற்கு எப்படி நன்றி எழுதுவது என்று தெரியவில்லை. தூத்துக்குடி பஸ்ஸையும் இதிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள். கல்லாவுக்கு வேறு நல்ல ஆளாகப் பாருங்கள். வருகிறவர்களிடம் எரிந்து விழாத ஆளாக. அத்தை கால் வலிக்குத் தைலம் தேய்ப்பதை நிறுத்த வேண்டாம். எல்லோரும் நோயில்லாமல் இருக்க வேண்டும். அதே சமயம் உங்கள் கடை ஓடுகிற அளவுக்கு ஊரில் கொஞ்சம் இருமலும் இருக்கட்டும்.

இப்படிக்கு,
இங்கேயே இருக்கப்போகும் மருமகன்,
காசிராஜன்

பின்குறிப்பு: ஒட்டுவதற்கு முன்னால் மதினி கடிதத்தை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். 'சரிபாதி' என்ற இடம் வந்ததும் கையைக் காட்டி நிறுத்தினார். "சரிபாதி இல்லய்யா. மூணு பங்கு." மூன்றாவது பங்கு யாருக்கு என்று கேட்டேன். "எங்களுக்குத்தான். ஏழு பேரு நாப்பது நாளா அத தொட்டுப் பெசையுறோம், எங்களுக்கு ஒரு சிட்டிக கெடையாதா? மோர்ல கலக்குனேன்." நானும் அந்த மோரைத்தானே குடித்தேன் என்றேன். "பெறகு? பல்லுல ரத்தம்னு மூஞ்சிய தூக்கி வச்சிக்கிட்டு திரிஞ்சீருல்லா. ஒம்ம மட்டும் விட்டுட்டா ஊத்துவாங்க?" என்றார். உட்கார்ந்து கணக்குப் போட்டேன். எட்டு பேருக்கு, ஆளுக்கு நாளொன்றுக்குக் கால் கிராம். மருந்துக் கடைக்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, அளவு சரியாகத்தான் இருக்கிறது. ஆகவே மேலே பம்பாய்த் தண்ணீர் என்று எழுதியிருப்பதை அடித்துவிடவும். பாயிடம் கொடுத்த அறிக்கையும் தப்பு; மீனுக்குப் போனது நான் எழுதியதைவிடக் குறைவு. பொடியால்தான் மீன் பிழைத்தது என்று இனி சத்தியமாகச் சொல்ல முடியாது. பொடியால்தான் என் கோபம் குறைந்தது என்றும் சொல்ல முடியாது. அதற்குப் பக்கத்திலேயே இன்னொரு காசிராஜனை உட்கார வைத்து அவனுக்கு மட்டும் பொடி இல்லாத மோர் ஊற்றிப் பார்த்திருக்க வேண்டும், அதற்கு மதினி சம்மதிக்கமாட்டார். அடுத்த வாரம் புதிதாக இருநூறு ரோகு கூண்டில் இறங்குகிறது. டப்பாவைக் கொஞ்சம் பெரிதாகவே அனுப்புங்கள் மாமா. பந்தியில் மொத்தம் இருநூற்று எட்டு பேர் இருக்கிறோம்.